ஓ. ஹென்றியின் கிறிஸ்துமஸ் கதையை இந்தக் காலத்துக்கு மாற்றி எடுத்த படங்களில் எதைப் பார்க்கலாம்?

கேள்வி இதுதான். அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றியின் 'ஞானிகளின் பரிசு' (The Gift of the Magi) கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவர், அதை இன்றைக்கு நடப்பதாக மாற்றி எடுத்த அமெரிக்க கிறிஸ்துமஸ் டிவி படம் ஒன்றைப் பார்க்க உட்கார்ந்து பாதியில் எழுந்துவிட்டார். கதையே பழசாகிவிட்டதா, ஆளுக்கொரு மொபைல் வைத்திருக்கும் புருஷன் பெண்டாட்டிக்கு இது நடக்குமா, நடக்கும் என்றால் ஒழுங்காக எடுத்த படம் எது என்று கேட்கிறார்.

நடக்கும். ஒழுங்காக எடுத்த படமும் இருக்கிறது, ஆனால் அதில் கிறிஸ்துமஸே கிடையாது: வங்காள இயக்குநர் ரிதுபர்ணோ கோஷ் 2004இல் இந்தியில் எடுத்த 'ரெயின்கோட்'. இல்லை, மரமும் பனியும் பாட்டும் இருந்தால்தான் கிறிஸ்துமஸ் படம் என்பீர்களானால் ஜிம் ஹென்சன் 1977இல் பொம்மைகளை வைத்து எடுத்த 'எம்மெட் ஆட்டர்ஸ் ஜக்-பேண்ட் கிறிஸ்துமஸ்'. மற்றவை ஏன் சரியாக வரவில்லை என்று சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும். படங்களின் முடிவைச் சொல்லாமல் பேச முடியாது, எனவே பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் இந்தக் கதையில் ஞாபகம் இருப்பது கடைசித் திருப்பம். மனைவி டெல்லா தன் கூந்தலை விற்றுக் கணவன் ஜிம்மின் கைக்கடிகாரத்துக்கு, இல்லை, பாக்கெட்டில் போடும் கடிகாரத்துக்கு ஒரு சங்கிலி வாங்குகிறாள், அவன் கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்பு வாங்குகிறான், இரண்டும் வீண். இதை மட்டும் எடுத்துக்கொண்டு படம் எடுக்கக் கிளம்பினால் கஷ்டம்தான். ஏனென்றால் கதையின் சரக்கு திருப்பத்தில் இல்லை, அதற்கு முன்னால் உள்ள கணக்கில் இருக்கிறது.

1905 டிசம்பர் 10ஆம் தேதி நியூயார்க் சண்டே வேர்ல்ட் பத்திரிகையில் வந்த கதை, அடுத்த வருடம் 'தி ஃபோர் மில்லியன்' தொகுப்பில் சேர்ந்தது. வாரம் 8 டாலர் வாடகைக்கு, கட்டில் நாற்காலி எல்லாம் வீட்டுக்காரர் போட்டுக் கொடுத்த ஒரு சின்ன ஃபிளாட். ஜிம்முக்கு 22 வயது. ஒரு காலத்தில் வாரம் 30 டாலர் சம்பளம், இப்போது அது 20ஆகச் சுருங்கிவிட்டது. 30 டாலர் வந்தபோது வாசல் பெயர்ப்பலகையில் 'ஜேம்ஸ் டில்லிங்ஹாம் யங்' என்று முழுப்பெயரும் கம்பீரமாக இருந்தது. 20 ஆனபின் அந்த நடுப்பெயரின் எழுத்துகளே மங்கிப்போய், வெறும் ஒரு 'டி' ஆகக் குறுகிவிடலாமா என்று யோசிப்பதாக எழுதுகிறார் ஓ. ஹென்றி. சம்பளம் குறைந்த ஆளின் மனநிலையை ஒரு பெயர்ப்பலகையில் சொல்லிவிட்டார், இதற்கு மேல் என்ன வேண்டும்?

டெல்லாவின் கையில் 1 டாலர் 87 சென்ட். அதுவும் பல மாதமாக மளிகைக்காரரிடமும் காய்கறிக்காரரிடமும் கறிக்கடைக்காரரிடமும் பேரம் பேசிப் பேசிச் சேர்த்த சில்லறை, பேசும்போதெல்லாம் 'என்ன கஞ்சத்தனம்' என்று அவர்கள் மனதுக்குள் நினைப்பது தெரிந்து அவள் கன்னம் எரிகிறது. (இதில் 60 சென்ட் ஒற்றைச் சென்ட் காசுகளாக இருந்தது என்று வருகிறது. அப்படியானால் மீதி 1 டாலர் 27 சென்டை ஒற்றைக் காசே இல்லாமல் எப்படிச் சேர்ப்பது என்று கணக்குப் புலிகள் நூறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஊரில் முன்பு 2 சென்ட், 3 சென்ட் நாணயங்கள் இருந்தன, அவற்றில் ஒன்றிரண்டு கலந்திருந்தால் கணக்கு சரியாக வரும். விடுங்கள்.) முடியை விற்றதில் 20 டாலர் கிடைக்கிறது, அதாவது புருஷனின் ஒரு வாரச் சம்பளம் அப்படியே. சங்கிலி 21 டாலர். மிச்சம் 87 சென்டோடு வீட்டுக்கு ஓடுகிறாள்.

இப்போது பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு வரிக்கு வருகிறேன். ஜிம் வீட்டுக்குள் நுழையும்போது அவனைப் பார்த்து ஓ. ஹென்றி சொல்கிறார்: பாவம், அவனுக்குப் புது மேல்கோட்டு தேவைப்பட்டது, கையுறை இல்லை. டிசம்பர் மாத நியூயார்க் குளிரில் கையுறை இல்லாமல் வேலைக்குப் போய் வருகிறவன் அவன். டெல்லாவுக்கு அது தெரியாதா? தினம் பார்க்கிறவள். கையில் 21 டாலர் 87 சென்ட் இருக்கிறது, அதில் கோட்டுக்கு ஒரு வழி பண்ணியிருக்கலாம், கையுறையாவது வாங்கியிருக்கலாம். அவள் பிளாட்டினம் சங்கிலி வாங்குகிறாள்! ஏன் என்று கதையே சொல்கிறது. அப்பாவும் தாத்தாவும் வைத்திருந்த அந்த அருமையான கடிகாரத்தை ஜிம் ஒரு பழைய தோல் வாரில் கட்டி வைத்திருந்தான், அதனால் நாலு பேர் மத்தியில் நேரம் பார்க்க வெட்கப்பட்டு ஒளித்து ஒளித்துப் பார்த்தான். அவள் கண்ணில் பட்டது குளிர் இல்லை, அந்த வெட்கம். இனிமேல் அவன் எல்லோர் முன்னாலும் கடிகாரத்தை எடுத்துப் பார்க்கலாம், அதற்காகத்தான் சங்கிலி.

என்னைக் கேட்டால் கதை முழுக்க இதுதான். தியாகம், காதல் என்றெல்லாம் பரீட்சையில் எழுதலாம், தப்பில்லை. ஆனால் உள்ளே ஓடுவது மானம். வறுமையில் இருக்கும் இரண்டு பேர், அடுத்தவர் தலைகுனியக் கூடாது என்று பார்த்துக்கொள்கிறார்கள். தேவையைத் தீர்ப்பவள் கோட்டு வாங்குவாள்.

சரி, டிவி படங்களுக்கு வருவோம். 2010இல் ஹால்மார்க் என்ற அமெரிக்க டிவி சேனல் இதே தலைப்பில் ஒரு படம் போட்டது, மார்லா சோகோலோஃபும் மார்க் வெப்பரும் புதிதாகக் கல்யாணமான ஜோடி, பணமுடை, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பரிசுக்கு அலையப் போய் மனக்கசப்பு. கேள்வி கேட்டவர் பார்த்தது இதுவா வேறு ஒன்றா என்பது முக்கியமில்லை, இந்த வகைப் படங்கள் எல்லாமே ஒரே குழியில்தான் விழுகின்றன. மூலக்கதை ஒரே ஒரு பிற்பகலில் நடந்து முடிகிறது: கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அவள் அழுது முடித்து, முடி விற்று, இரண்டு மணி நேரம் கடை கடையாக ஏறி இறங்கி, ஏழு மணிக்குக் காப்பி தயார், ஜிம் உள்ளே வருகிறான், அவ்வளவுதான். பேசிக்கொள்ள நேரமே இல்லை, அதனால் ரகசியம் ரகசியமாகவே நிற்கிறது. ஒன்றரை மணி நேர டிவி படத்துக்கு இது போதாது என்று அந்தப் பிற்பகலைப் பல வாரமாக இழுக்கிறார்கள். இழுத்தவுடன் என்ன ஆகிறது? ஒரே வீட்டில் இருக்கிற இருவர் வாரக்கணக்கில் எதையோ மறைத்தால் அடுத்தவருக்குச் சந்தேகம் வராமல் இருக்காது, சந்தேகம் வந்தால் சண்டை, சண்டை வந்தால் தோழி ஒருத்தி வந்து அறிவுரை சொல்ல வேண்டும், கடைசியில் உண்மை தெரிந்து கட்டிப்பிடிக்க வேண்டும். பரிசுக் கதை சந்தேகக் கதையாகிவிடுகிறது. அடுத்தவர் மானத்தைக் காக்கும் ஜோடி போய், அடுத்தவர் பாக்கெட்டைத் துழாவும் ஜோடி வந்துவிடுகிறது. எழுந்து போனதில் தப்பே இல்லை.

பழையபடியே எடுத்தால் நன்றாக வருமா என்றால், அதுவும் அரைகுறைதான். 1952இல் வந்த 'ஓ. ஹென்றிஸ் ஃபுல் ஹவுஸ்' ஐந்து கதைகளை ஐந்து இயக்குநர்களிடம் கொடுத்து எடுத்த படம், ஒவ்வொரு கதைக்கும் முன்னால் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கே வந்து இரண்டு வார்த்தை பேசுவார். இந்தக் கதையை ஹென்றி கிங் இயக்கினார், ஜீன் கிரெய்னும் ஃபார்லி கிரேஞ்சரும் டெல்லா, ஜிம். அழகாக இருக்கிறது, ஆனால் ஜீன் கிரெய்னைப் பார்த்தால் கறிக்கடைக்காரரிடம் பேரம் பேசிக் கன்னம் சிவந்தவராகத் தெரியவில்லை. இன்னொன்று, இந்தக் கதையில் மூன்றாவது பாத்திரம் ஒன்று உண்டு: சொல்கிறவர். நடுநடுவே நம்மைப் பார்த்துப் பேசுவார், கிண்டல் அடிப்பார், டெல்லா அழும்போது 'இவள் அழுது முடிப்பதற்குள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடலாம் வாருங்கள்' என்கிற தோரணையில் நம்மை நகர்த்திக்கொண்டு போவார். அந்தக் குரல் இல்லாவிட்டால் கதை வெறும் சோகம், கண்ணீர் பிழியும் நாடகம். படம் எடுப்பவர்கள் முதலில் தொலைப்பது அந்தக் குரலைத்தான். அதே தொகுப்பில் சார்ல்ஸ் லாட்டன் நடித்த 'போலீஸ்காரரும் தேவகீதமும்' கதை இதைவிட மேல், காரணம் லாட்டனின் முகமே அந்தக் கிண்டலைச் சுமக்கிறது. மர்லின் மன்றோ அதில் கொஞ்ச நேரம் வந்து போவார்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் டிஸ்னி 1999இல் வீடியோவாக வெளியிட்ட 'மிக்கிஸ் ஒன்ஸ் அப்பான் எ கிறிஸ்துமஸ்' இருக்கிறது. மூன்று கதைகளில் கடைசிக் கதை இது. மிக்கி தன் மவுத் ஆர்கனைக் கொடுத்து மின்னியின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்க, மின்னி கடிகாரத்தைக் கொடுத்து மவுத் ஆர்கனுக்கு ஒரு பெட்டி வாங்குகிறாள். மிக்கி கிறிஸ்துமஸ் மரம் விற்கும் இடத்தில் வேலை பார்க்கிறான், ஏழைக் குடும்பத்துக்குச் சின்ன மரத்தை விற்ற பாவத்துக்கு முதலாளி பீட் அவன் காசைப் பிடுங்கிக்கொள்கிறான். மின்னி கடையில் பரிசுகளுக்குக் காகிதம் சுற்றுகிற வேலையில் நாள் முழுக்க உழைத்தால் போனஸாக வருவது ஒரு கேக். நம்ம ஊர் தீபாவளி போனஸ் வாங்கிய யாருக்கும் அந்த முகம் புரியும். குழந்தைப் படம்தான், ஆனாலும் வேலை, கூலி, முதலாளி மூன்றும் இதில் இருக்கின்றன, பெரியவர்களுக்கு எடுத்த படங்களில் அதுகூட இல்லை.

அடுத்தது எம்மெட் ஆட்டர். ரஸ்ஸல் ஹோபன் 1971இல் எழுதிய சிறுவர் புத்தகம் ஒன்று, ஓ. ஹென்றி கதையின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். அதை ஜிம் ஹென்சன் தன் பொம்மைகளை வைத்துப் படமாக்கினார், பாட்டுகள் பால் வில்லியம்ஸ். நீர்நாய்க் குடும்பம்: அப்பா இறந்துவிட்டார், அம்மா ஊரார் துணி துவைத்துப் பிழைக்கிறாள், பையன் எம்மெட் அப்பாவின் கருவிப்பெட்டியை வைத்துச் சில்லறை ரிப்பேர் வேலை செய்கிறான். ஊரில் ஒரு பாட்டுப் போட்டி, பரிசு 50 டாலர். அம்மாவுக்குப் பையனுக்கு ஒரு கிடார் வாங்கித்தர ஆசை, பையனுக்கு அம்மாவுக்கு ஒரு பியானோ வாங்கித்தர ஆசை. போட்டிக்கு நல்ல உடுப்பு வேண்டுமே என்று அம்மா, பையனின் கருவிப்பெட்டியை அடகு வைத்துத் துணி வாங்குகிறாள். பேண்டுக்கு ஒரு பேஸ் (கனத்த ஒலி தரும் கம்பி வாத்தியம்) வேண்டுமே என்று பையன், அம்மா துணி துவைக்கும் தொட்டியில் ஓட்டை போட்டுக் கம்பி கட்டுகிறான்.

இங்கே நடந்திருப்பதைப் பாருங்கள். டெல்லாவும் ஜிம்மும் விற்றது தங்களுடையதை, அதுவும் அலங்காரப் பொருட்களை. நாளைக்கு அடுப்பு எரிவதில் மாற்றம் இல்லை. இங்கே ஒவ்வொருவரும் கை வைத்தது அடுத்தவருடைய சாமானில், அதுவும் சோறு போடுகிற சாமானில். தொட்டியில் ஓட்டை விழுந்தால் துவைக்க முடியாது, பெட்டி போனால் ரிப்பேர் கிடையாது. பரிசு கிடைத்தால் தப்பித்தார்கள், இல்லையென்றால் ஜனவரியில் பட்டினி. போட்டியில் இருவரும் தோற்கிறார்கள். மூலக்கதையைவிட இது ஒரு படி மேலே போய்ப் பந்தயம் கட்டுகிறது என்று தயங்காமல் சொல்வேன், பொம்மைப் படமாச்சே என்று யாரும் சிரிக்க வேண்டாம். கடைசியில் வழியில் அவர்கள் சேர்ந்து பாடுவதைக் கேட்டு ஒருவர் வேலை கொடுத்துவிடுகிறார், குழந்தைகள் நிம்மதியாகத் தூங்க வேண்டும் அல்லவா, அதனால் அந்தச் சமரசம். ஓ. ஹென்றி அப்படி எதையும் திருப்பித் தரவில்லை. முடி போனது போனது, கடிகாரம் போனது போனது, கறித்துண்டுகளை அடுப்பில் போடு, சாப்பிடலாம் என்கிறான் ஜிம்.

அப்புறம் ரெயின்கோட். ஐஸ்வர்யா ராயைத் தமிழ்க்காரர்கள் 1997இலேயே 'இருவர்' படத்தில் பார்த்துவிட்டோம், ஆனால் இந்தப் படத்தில் இருப்பது வேறு ஆள்: மை கலைந்த கண், கசங்கிய சேலை, பேசிக்கொண்டே இருக்கும் வாய். பாகல்பூர்க்காரன் மன்னு, அஜய் தேவ்கன், சணல் ஆலை வேலை போய்விட்டது. பழைய நண்பர்களிடம் கையேந்திக் கொஞ்சம் பணம் திரட்டலாம் என்று கொல்கத்தா வருகிறான். அங்கேதான் அவன் ஒரு காலத்தில் காதலித்த நீரு கல்யாணம் ஆகி வந்திருக்கிறாள். மழை நாள். தங்கியிருக்கும் நண்பன் வீட்டில் ஒரு ரெயின்கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு அவளைப் பார்க்கப் போகிறான்.

பழைய மரச்சாமான்கள் அடைத்த இருட்டு வீடு, ஜன்னல்கள் சாத்தியே இருக்கின்றன. அவன் டிவி சீரியல் எடுப்பதாகப் புளுகுகிறான். அவள் கணவர் வெளிநாடு வெளிநாடாகப் பறப்பதாகவும் வேலைக்காரர்கள் வெளியே போயிருப்பதாகவும் புளுகுகிறாள். படத்தின் பெரும்பகுதி இரண்டு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து பொய் சொல்வதுதான். சாப்பிட ஏதாவது வாங்கி வருகிறேன் என்று அவள் அவனுடைய ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போகிறாள். அவள் இல்லாத நேரத்தில் வீட்டுக்காரர் வருகிறார் (அன்னு கபூர், வந்தவுடன் படத்தையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்), வாடகை பாக்கி, புருஷன் ஒரு ஏமாற்றுப் பேர்வழி என்று எல்லாம் கொட்டிவிடுகிறார். மன்னு கையேந்தி வாங்கி வந்த பணத்தை எடுத்து அவள் வாடகைக்குக் கொடுத்துவிடுகிறான். அதே நேரம் வெளியே போன அவள் கைக்கு ரெயின்கோட் பையில் இருந்த, அவன் உதவி கேட்டு எழுதிய கடிதம் சிக்குகிறது. இரவு அவன் திரும்பியபின் அந்தப் பையிலிருந்து அவள் நகை வெளியே வருகிறது.

சீப்பு இல்லை, சங்கிலி இல்லை, புருஷன் பெண்டாட்டி இல்லை, டிசம்பர் இல்லை. பரிசுகள் வீணாகக்கூடப் போகவில்லை, இரண்டுமே உதவும் பரிசுகள்தான். கறாராகப் பார்த்தால் திருப்பத்தையே மாற்றிவிட்டார். இருந்தும் இதுதான் மூலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, ஏனென்றால் ரிதுபர்ணோ கோஷ் அந்தப் பெயர்ப்பலகையையும் தோல் வாரையும் படித்தவர். அவன் பொய் அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவள் பொய் அவனுக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் இருவரும் கடைசிவரை அடுத்தவர் பொய்யை உடைக்கவில்லை. 'எனக்குத் தெரியும், இந்தா பணம்' என்று நேரில் கொடுத்திருந்தால் அது தர்மம். தெரியாத மாதிரி கொடுத்ததால் பரிசு. ஒரே பிற்பகல், ஒரே அறை என்கிற கட்டையும் அவர் அவிழ்க்கவில்லை. அந்த வருடம் இந்தியில் சிறந்த படத்துக்கான தேசிய விருது இதற்குத்தான் கிடைத்தது. குறை இல்லாமல் இல்லை: நடுவில் கொஞ்சம் நாடக மேடை வாசனை அடிக்கும், பழைய நாட்களைக் காட்டும் காட்சிகள் அறைக்குள் இருக்கும் காட்சிகள் அளவுக்கு உயிரோடு இல்லை.

மொபைல் இருந்தால் கதை நடக்குமா என்ற கேள்வி பாக்கி. மொபைல் ஒரு தடையே இல்லை. போனில் பொய் சொல்வது நேரில் சொல்வதைவிடச் சுலபம். உண்மையான தடைகள் வேறு. ஒன்று, முடி. 1905இல் குட்டை முடியோடு ஒரு கல்யாணமான பெண் தெருவில் நடந்தால் பார்வையே வேறு, டெல்லாவே கண்ணாடியைப் பார்த்து, கோனி ஐலண்ட் கேளிக்கைக் கடற்கரையில் ஆடும் பெண் மாதிரி இருக்கிறேன் என்று ஜிம் சொல்லிவிடுவானோ எனப் பயப்படுகிறாள். இன்றைக்கு முடியை வெட்டிக்கொண்டு வந்தால் 'புது ஸ்டைலா, நல்லாருக்கே' என்பார்கள். முடிக்குச் சந்தை இன்னும் இருக்கிறது, திருப்பதியில் காணிக்கையாக விழும் முடி ஏலம் போய் உலகம் முழுக்க விக்காகவும் எக்ஸ்டென்ஷனாகவும் விற்கிறது. ஆனால் வெட்டியவளுக்கு வெட்கம் இல்லை. வெட்கம் இல்லாத இடத்தில் இந்தக் கதை இல்லை.

இன்னொரு தடை இன்னும் பெரிசு: கடன். டெல்லாவுக்கு யாரும் கடன் கொடுக்க மாட்டார்கள், அதனால் விற்றாள். இன்றைய டெல்லா எதையும் விற்க வேண்டாம், கார்டைத் தேய்ப்பாள், இல்லையென்றால் இஎம்ஐ. சங்கிலியும் வரும், கூந்தலும் இருக்கும், ஜிம்முக்கு மார்ச் மாதம் பில் வரும். நவீனக் காலத்துக்கு மாற்றும் படங்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை, 1905இன் விற்பனையை அப்படியே தூக்கி இன்றைய வீட்டில் வைக்கிறார்கள், அதனால்தான் பாத்திரங்கள் 'இதுக்குப் போய் இதை வித்தாங்களா' என்று நம்மைக் கேட்க வைக்கின்றன. கோஷ் இதைத் தாண்டிய விதம் புத்திசாலித்தனமானது: கடன் கிடைக்கும் எல்லைக்கும் கீழே விழுந்துவிட்ட ஆட்களை எடுத்துக்கொண்டார். மன்னுவுக்கு எந்த வங்கியும் கொடுக்காது, அதனால் பழைய சிநேகிதத்தை அடகு வைக்கிறான். நீருவிடம் விற்க மிச்சம் இருப்பது உடம்பில் கிடக்கும் நகை. யாராவது தமிழில் இதை எடுப்பதாக இருந்தால் இங்கிருந்து தொடங்கச் சொல்வேன்.

ஓ. ஹென்றிக்கு இந்த மானக் கணக்கு எங்கிருந்து தெரிந்தது என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. இயற்பெயர் வில்லியம் சிட்னி போர்ட்டர். டெக்சாஸின் ஆஸ்டினில் வங்கிக் காசாளராக இருந்தபோது பணம் கையாடியதாக வழக்கு, 1896இல் விசாரணைக்குப் போகாமல் ஹோண்டுராஸுக்கு ஓடிவிட்டார். மனைவி ஏத்தல் காசநோயில் ஊரில் கிடந்தார். 1916இல் ஆல்ஃபோன்சோ ஸ்மித் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் ஒரு சம்பவம் வருகிறது: அந்த நிலையிலும் ஏத்தல் ஒரு லேஸ் கைக்குட்டையைப் பின்னி முடித்து, 25 டாலருக்கு விற்று, தலைமறைவாக இருந்த கணவனுக்கு ஒரு கிறிஸ்துமஸ் பெட்டி அனுப்பினார். உள்ளே மேல்கோட்டு, இன்னும் சில பொருட்கள். அதைக் கட்டும்போது அவருக்கு 105 டிகிரி காய்ச்சல், அது கணவனுக்கு அப்போது தெரியாது. மனைவியின் நிலை மோசம் என்று தெரிந்ததும் போர்ட்டர் திரும்பி வந்து சரணடைந்தார், 1897இல் ஏத்தல் இறந்தார், 1898இலிருந்து 1901 வரை ஒஹையோ சிறை. சிறையிலிருந்தே எழுதி அனுப்பிய ஒரு கிறிஸ்துமஸ் கதை 1899 டிசம்பரில் மெக்ளூர்ஸ் பத்திரிகையில் வந்தது. நியூயார்க்கில் பீட்ஸ் டாவர்ன் என்ற மதுக்கடை, 'ஞானிகளின் பரிசு' எங்கள் மேஜையில் உட்கார்ந்துதான் எழுதப்பட்டது என்று இன்றும் பெருமை அடித்துக்கொள்கிறது, இருக்கலாம். ஆனால் கோட்டு இல்லாத ஜிம்முக்கு டெல்லா கோட்டு வாங்காமல் விட்டதற்குப் பின்னால் அந்தப் பெட்டி இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உண்மையில் ஒரு மனைவி கோட்டு அனுப்பிவிட்டாள், அதை அவர் கதையில் திரும்ப எழுத விரும்பவில்லை. இது என் ஊகம், யாரும் இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பார்க்க உட்காரும் வரிசை: முதலில் கதையை ஒரு தடவை படித்துவிடுங்கள், கால் மணி நேரம் ஆகாது, பதிப்புரிமை முடிந்துவிட்டதால் இலவசமாகவே கிடைக்கும். பிள்ளைகளோடு என்றால் எம்மெட் ஆட்டர், அதன் பாட்டுகள் ஒரு வாரத்துக்கு வீட்டில் ஓடும். ரெயின்கோட்டை அவர்கள் தூங்கியபின் தனியாகப் பாருங்கள், சப்டைட்டிலோடு, சுபா முத்கல் பாடிய 'மதுரா நகர்பதி' பாட்டின் வரிகளை விட்டுவிடாமல் படியுங்கள், அதை எழுதியவரும் ரிதுபர்ணோதான். டிவி படத்தின் மீதிப் பாதியைப் பார்க்கத் தேவையில்லை.